மேரி என்ற சொல்

ஜூன் 9

பேச்சுப் பயிற்சி தர வரும் ஷர்மிளா இன்று எனக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டுப் போனாள். என் வீட்டுக்காரர் வாயிலிருந்து எந்தச் சொல் வந்தாலும் எழுதி வைக்க வேண்டுமாம். என்ன சொல், எப்போது வந்தது, அப்போது எதிரில் என்ன இருந்தது. பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற எனக்குச் சொற்களைக் கவனிப்பது புதிதில்லை. அவள் படித்துப் பார்ப்பாள் என்பதால் முறையாகவே தொடங்குகிறேன்.

பெயர் தொபியாஸ் மச்சாது. என் கணவர். வயது அறுபத்தேழு. பயணிகள் கப்பலில், சாப்பாட்டுக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஈஸ்டர் கழிந்த வாரம் பக்கவாதம் வந்தது. வலது கை தளர்ந்துவிட்டது. கால் பரவாயில்லை, கம்பு ஊன்றி நடக்கிறார். நாம் பேசுவது எல்லாம் புரிகிறது. பதில்தான் வரவில்லை. வாயைத் திறக்கிறார், உதடு எதையோ தேடுகிறது, பிறகு இடது கையை உதறிவிட்டு ஜன்னலைப் பார்க்கிறார்.

இன்றைய சொல்: இல்லை.

சாளைக் குழம்பு. முள் எடுத்துக் கொடுத்தேன்.

ஜூன் 11

சொல் வந்தது.

காலையில் குழம்புக்குத் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் அடுக்களை மேசையில் எதிரே உட்கார்ந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடைத்திருந்த குழாயில் தண்ணீர் வருவது போலத் திடீரென்று, தெளிவாக, "மேரி" என்றார்.

என்ன சொன்னீங்க என்று கேட்டேன். மறுபடியும் அதே. மேரி.

அழுதுவிட்டேன். ஷர்மிளாவுக்குப் போன் செய்தேன். தோஹாவில் இருக்கும் மகன் ஆல்வினுக்கும் செய்தேன். அப்பா என்ன சொன்னாங்க என்று அவன் கேட்டான். சரியாகக் காதில் விழவில்லை என்று சொல்லிவிட்டேன்.

என் பெயர் ஜெசிந்தா.

ஜூன் 12

மேரி. காலையிலும் சாயங்காலமும். போர்வைகளைத் துவைத்துப் போட்டேன்.

ஜூன் 14

ரெஜினா மதினி வந்திருந்தாள். அவருடைய அக்கா. அடுத்த தெருவில்தான் வீடு. விஷயத்தைக் கேட்டதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரில் இருந்த படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். தம்பி மாதாவைக் கூப்பிடுகிறானாம். முதல் சொல்லே மாதா பெயர் என்றால் சீக்கிரம் குணமாகிவிடுமாம்.

நான் மறுத்துப் பேசவில்லை. ஆனால் நாங்கள் பேச்சில் மாதா என்போம். மேரி என்று யாரும் சொல்வதில்லை. அதுவும் இவர் ஜெபமாலை பாதியிலேயே கொட்டாவி விடும் ஆள்.

இந்தத் தெருவில் மட்டும் எத்தனையோ மேரிகள் இருக்கிறார்கள். தபால் ஆபீஸ் மேரி, நர்ஸ் வேலை பார்க்கும் ஊசி மேரி, மாடி வீட்டு மேரி. சும்மா பேச்சுவாக்கில் ஒவ்வொரு பெயராகச் சொல்லி அவர் முகத்தைப் பார்த்தேன். ஊசி மேரிக்கு முகத்தைச் சுளித்தார். மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை.

ஜூன் 16

பீரோவிலிருந்து கப்பல் ஆல்பத்தை எடுத்துக் காட்டினேன். பழைய படங்கள் நினைவைத் தூண்டும் என்று ஷர்மிளா சொல்லியிருந்தாள், அதற்காகத்தான். மேல்தளத்தில் பயணிகளோடு எடுத்த படங்கள் நிறைய. வெள்ளைக் கோட்டு, கறுப்பு போ டை. தொப்பி போட்ட பெண்கள் இவர் தோளில் கை போட்டுச் சிரிக்கிறார்கள். ஒவ்வொரு முகத்திலும் விரலை வைத்து, இதுவா, இதுவா என்று கேட்டேன்.

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. பயந்துபோனேன், மறுபடியும் வாதமோ என்று. இல்லை, சிரிக்கிறார். நோய் வந்த பிறகு முதல் சிரிப்பு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆல்பத்தை உள்ளே வைத்துப் பூட்டினேன்.

ஜூன் 19

ஷர்மிளாவிடம் பொதுவாக ஒரு சந்தேகம் கேட்பது போலக் கேட்டேன். இப்படிப் பேச்சு போனவர்களுக்கு முதலில் எந்தச் சொல் திரும்பி வரும், மனதுக்குப் பிடித்த சொல்லா?

அப்படிச் சொல்ல முடியாது ஆன்ட்டி என்றாள். வாழ்க்கையில் அதிகமாகச் சொல்லிப் பழகிய சொல் சில நேரம் தானாக வந்து விழும். சிலருக்கு ஜெபம், சிலருக்கு ஒன்று இரண்டு மூன்று, சிலருக்குக் கெட்ட வார்த்தை.

அதிகமாகச் சொல்லிப் பழகிய சொல். நியாயம்தான். வருடத்தில் பெரும்பகுதி கப்பல். வீட்டுக்கு வந்தாலும் என்னைப் பெயர் சொல்லி எத்தனை முறை கூப்பிட்டிருப்பார்? "ஏ, இங்க வா" என்றால் போதுமே.

இந்தப் பக்கத்தை ஷர்மிளாவிடம் காட்ட வேண்டாம்.

ஜூன் 22

ஒன்று கண்டுபிடித்தேன். மேரி எப்போதும் வருவதில்லை. மீன் கழுவும்போது வருவதில்லை. துணி மடிக்கும்போது வருவதில்லை. தக்காளியைப் பார்த்தால் மட்டும் வருகிறது.

சோதித்துப் பார்த்தேன். மேசையில் வெங்காயத்தை வைத்தேன், பேசவில்லை. கத்தரிக்காய், பேசவில்லை. தக்காளியை வைத்தவுடன் மேரி. அதை எடுத்து ஒளித்துவைத்தேன். கோபத்தோடு கையை நீட்டினார்.

பிறகு அவரே எழுந்து கம்பை ஊன்றிக்கொண்டு அலமாரிக்குப் போனார். நல்லமிளகு டப்பாவை எடுத்துத் தக்காளிக்குப் பக்கத்தில் வைத்தார். அடுத்து எலுமிச்சம்பழம். அடுத்து உப்பு ஜாடி. மூன்றையும் தட்டித் தட்டி என்னைப் பார்த்தார்.

ரசம் கேட்கிறார் என்று நினைத்தேன். நல்லமிளகு தூக்கலாகப் போட்டு வைத்துக் கொடுத்தேன். ஒரு வாய் வாங்கினார். தலையை ஆட்டிவிட்டு, குளிர்பெட்டியின் மேல்கதவைத் திறந்து ஐஸ் தட்டை எடுத்து ரசத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

ரசத்தில் ஐஸ். மூளையில் வேறு எங்கோ பாதித்திருக்கிறதோ என்று மதினியிடம் சொன்னேன். அவள் இன்னொரு மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

ஜூன் 27

கஸ்பார் அண்ணன் மணப்பாட்டிலிருந்து வந்திருந்தார். இவரோடு ஒரே கப்பலில் வேலை பார்த்தவர், இவருக்கு மூத்தவர். இருவரும் வெகுநேரம் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கஸ்பார் அண்ணன் பழைய கதையெல்லாம் சொல்ல, இவர் தொடையில் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

போகும்போது வாசல் கேட் வரைக்கும் கூடப் போனேன். கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

"அண்ணே, மறைக்காமச் சொல்லுங்க. மேரின்னு யாரு?"

அவர் முழித்தார். விவரத்தைச் சொன்னேன். தக்காளி, நல்லமிளகு, எலுமிச்சை, ஐஸ். கேட்கக் கேட்க அவர் தோள் குலுங்கியது. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பிறகு நிற்க முடியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அது ஆளு இல்ல தங்கச்சி. அது ஒரு பானம். ப்ளடி மேரின்னு பேரு. தக்காளிச் சாறுல வோட்கா ஊத்திச் செய்யது. ராத்திரி குடிச்சிட்டு காலைல தலை கனத்து எந்திரிக்க பயணிங்க எல்லாம் தொபியாஸ் பார்ல வந்துதான் நிப்பாங்க. அவன் கலக்குத மாதிரி எந்தக் கப்பல்லயும் கிடையாதுன்னு சொல்லுவாங்க."

"பார்லயா?" என்று கேட்டேன். "சாப்பாட்டுக் கூடத்துல இல்லையா?"

கஸ்பார் அண்ணன் சிரிப்பை நிறுத்தினார். செருப்பைச் சரிசெய்தார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார்.

ஜூன் 28

தக்காளி வாங்கவில்லை. அவியல் வைத்தேன்.

ஜூன் 30

என் அப்பா குடித்தே செத்தார். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை. பெண் பார்க்க வந்த அன்றைக்கு இவரிடம் தனியாகப் பேச விட்டார்கள். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான், குடிக்கிற ஆளா நீங்க என்று. இல்லை என்றார். அந்த வாசம்கூட வீட்டுக்குள் வரக் கூடாது என்றேன். வராது என்றார்.

வந்ததும் இல்லை. லீவில் வந்து இறங்கினால் சவுக்காரமும் கடல் காற்றும்தான் அவர்மேல் மணக்கும்.

குடிப்பதில்லை என்று அவர் சொன்னது உண்மை. ஊற்றிக்கொடுப்பீர்களா என்று நான் கேட்கவில்லை.

இன்றைய சொல்: இல்லை.

ஜூலை 2

எவ்வளவு நாள் தக்காளி இல்லாமல் சமைப்பது?

அதைவிட, எனக்கு ஒரு விஷயம் புரியவே இல்லை. உப்பும் காரமும் புளிப்புமாக ஒன்றை ஐஸ் போட்டு எதற்குக் குடிக்கிறார்கள்? கஸ்பார் அண்ணனுக்குப் போன் செய்தேன். கோபமாகத் திட்டப்போகிறேன் என்று பயந்துகொண்டே எடுத்தார். செய்முறையைச் சொல்லுங்கள் என்றேன்.

வோட்கா ஊற்றாமலும் செய்யலாமாம், குழந்தைகளுக்குக்கூடக் கொடுப்பார்களாம். தக்காளிச் சாறு, எலுமிச்சை, உப்பு, நல்லமிளகு, ஒரு காரச் சாறு, கிளாஸில் குத்தி வைக்கச் செலரி என்று ஒரு கீரைத் தண்டு. அதோடு கறுப்பாக ஒரு சாஸ். அந்தச் சாஸில் நெத்திலி சேர்கிறது என்றார். நம்பவில்லை. ஆமாம் தங்கச்சி, நெத்திலி, புளி, வினிகர் எல்லாம் சேரும் என்றார். ஒருமுறை நடுக்கடலில் அந்தச் சாஸ் தீர்ந்துபோய், தொபியாஸ் தன் பெட்டியிலிருந்த நெத்திலிக் கருவாட்டை எடுத்து, புளியும் வினிகரும் வெல்லமும் பூண்டும் போட்டுக் காய்ச்சி வடித்து ஊற்றினானாம். அதற்குப் பிறகு கடைச் சாஸை அவன் தொடவே இல்லையாம்.

அந்தக் கருவாட்டைக் காய வைத்துக் கட்டிக்கொடுத்தது நான். கப்பலில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள என்று நினைத்திருந்தேன்.

ஜூலை 4

ஷர்மிளாவிடம் அனுமதி கேட்டேன். தண்ணீரைவிடக் கெட்டியானது விழுங்கச் சுலபம், தாராளமாகக் கொடுக்கலாம் என்றாள். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருப்பதால் ஒரு கரண்டி ருசி பார்க்க மட்டும். மதுவை நினைத்தும் பார்க்கக் கூடாது.

தக்காளியை வெந்நீரில் போட்டுத் தோலுரித்து, மிக்ஸியில் அடித்து, வெள்ளைத் துணியில் வடித்தேன். காய்ச்சி ஆறவைத்த நெத்திலிச் சாற்றிலிருந்து அதில் சில சொட்டு விட்டேன். அடுக்களை முழுக்க ஒரே நாற்றம். மற்றதெல்லாம் கண்ணளவு. செலரி கிடைக்கவில்லை, வெள்ளரிக்காயை நீளமாக நறுக்கிக் குத்தினேன்.

கரண்டியால் எடுத்து வாயில் வைத்தார். கண்ணை மூடினார். நாக்கை மேலண்ணத்தில் தட்டினார். நான் பரீட்சை எழுதிவிட்டு நிற்பவள் போல நின்றேன்.

"புளி," என்றார்.

இரண்டாவது சொல். கூடச் சொன்னாரா குறையச் சொன்னாரா தெரியவில்லை. இரண்டையும் செய்து பார்த்தேன். குறைய வேண்டும்.

மீதியை நான்தான் குடித்தேன். மோசமில்லை.

ஜூலை 8

இந்த வாரத்துச் சொற்கள்: புளி, போதும், ஐயையோ, ஐஸ், இன்னும்.

ஐயையோ என்பது நான் பச்சைமிளகாய் அரைத்துச் சேர்த்ததற்கு.

ஜூலை 11

நான் கரண்டியால் கலக்கும்போதெல்லாம் என் கையைத் தட்டிவிடுகிறார். மூடி போட்டுக் குலுக்கினேன், அதற்கும் தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் இரண்டு கிளாஸை எடுத்து வைத்து ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் காட்டினார். டீக்கடைக்காரர் ஆற்றுவது போல ஆற்ற வேண்டுமாம். ஆனால் உயரத் தூக்காமல், நுரை வராமல், மெதுவாக.

நான் ஆற்றினேன். திருப்தியில்லை. கிளாஸைப் பிடுங்கினார். இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று. வலது கை விரல்கள் மூடிக்கொண்டன, ஆனால் தாங்கவில்லை. அவ்வளவும் மேசையில், சட்டையில், சுவரில்.

சரியாக அந்த நேரம் பார்த்து மதினி உள்ளே வந்தாள். போட்ட கூச்சலில் மாடி வீட்டு மேரி இறங்கி வந்துவிட்டாள். ரத்தம் இல்லை, தக்காளி என்று புரியவைப்பதற்குள் போதும் என்றாகிவிட்டது. இது என்ன புது வைத்தியம் என்று மதினி கேட்டாள். ஷர்மிளா சொன்ன பயிற்சி என்றேன். பானத்தின் முழுப் பெயரைச் சொல்லவில்லை. அதை எப்படி அவளிடம் சொல்வது?

சுவர் துடைத்தேன். கறை போகவில்லை.

ஜூலை 19

தினமும் காலையில் ஆற்றுகிறார். முதலில் பிளாஸ்டிக் டம்ளரில் தண்ணீர் வைத்து, பிறகு மோர், இப்போது தக்காளி. ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னால் தூக்கி எறிந்தவர், இதைச் சலிக்காமல் செய்கிறார். ஷர்மிளா தன் போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

இந்த மனிதர் வேலை செய்வதை நான் பார்த்ததே இல்லை. லீவில் வந்தால் படுத்துத் தூங்குவார், மீன் மார்க்கெட்டுக்குப் போவார், ஆல்வினைக் கடற்கரைக்குக் கூட்டிப்போவார். வேலையில் இருக்கும்போது முகமே வேறு. கிளாஸின் விளிம்பைத் துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். எலுமிச்சையைப் பிழிவதற்கு முன்னால் மேசையில் உருட்டுகிறார். எதையும் அளப்பதில்லை.

சாப்பாட்டுக் கூடம் என்று அவர் சொன்னபோது, தட்டும் குழம்புமாக நான் ஒன்றைக் கற்பனை செய்து வைத்திருந்தேன். அதற்குள் அவர் இல்லவே இல்லை.

ஜூலை 25

மாதா கோயில் திருவிழாவுக்கு நாளை கொடியேற்றம். ஊரெல்லாம் விளக்கு போட்டாகிவிட்டது.

இன்று அவர் செய்தது நன்றாக இருந்தது. சிந்தவில்லை. எனக்கு முன்னால் வைத்துவிட்டு நின்றார். குடித்துவிட்டு நல்லா இருக்கு என்றேன். நிஜமாகவே நன்றாக இருந்தது. அவர் உட்காரவில்லை. சின்ன டம்ளரில் தண்ணீரை எடுத்து, வெறும் கிளாஸில் ஊற்றிக் காட்டி, உதட்டைப் பிதுக்கினார்.

இல்லாத ஒன்றைப் பற்றிச் சொல்கிறார். என்னவென்று எனக்குத் தெரியும். உங்களுக்கு டாக்டர் தடை போட்டிருக்கிறார் என்றேன். எரிச்சலோடு தலையை ஆட்டினார். விரலால் தன்னைக் காட்டி இல்லை என்றார். பிறகு என்னைக் காட்டினார்.

பார்க்காதது போல எழுந்து போய் உலை வைத்தேன்.

ஜூலை 29

நான் ஏன் பயப்படுகிறேன் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அப்பாவின் பாட்டிலை நான் முகர்ந்ததுதான் உண்டு, ருசித்ததில்லை. அம்மா வாழ்நாளெல்லாம் வெறுத்த ஒன்று எப்படி இருக்கும் என்று சின்ன வயதிலேயே எனக்குத் தோன்றியிருக்கிறது. கேட்டால் அடி விழும். இப்போது அறுபத்திரண்டு வயது. அடிக்க யாரும் இல்லை.

இவர் தினமும் காலையில் உப்பில்லாத சோற்றைப் பரிமாறுவது போல முகத்தை வைத்துக்கொண்டு அந்தக் கிளாஸை என்னிடம் நீட்டுகிறார். பள்ளியில் பாதி எழுதிய கட்டுரையைக் கொண்டுவந்து கொடுக்கும் நல்ல பிள்ளைகளின் முகம் அது.

கஸ்பார் அண்ணனுக்குப் போன் செய்தேன். சின்ன பாட்டிலாக ஒன்று என்றேன். திருவிழாவுக்கு வரும்போது கொண்டுவருகிறேன் என்றார்.

ஆகஸ்ட் 6

திருவிழா நேற்று முடிந்தது. தெரு இன்னும் தூங்குகிறது. மதினி கால்வலி என்று படுத்துவிட்டாள். கஸ்பார் அண்ணன் திருவிழாவுக்கு வந்தபோது செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போனதை அரிசிப் பானைக்குள் வைத்திருந்தேன். காலைப் பலகாரம் முடிந்ததும் எடுத்து மேசையில் வைத்தேன்.

அவர் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போனார். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தபோது வெள்ளைச் சட்டை மாற்றியிருந்தார். மேல் பித்தானை ஒரு கையால் போட்டுக்கொண்டு வர அவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது.

கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு மேசைக்கு அந்தப் பக்கம் நின்றார். என்னை இந்தப் பக்கம் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் எதிலும் கை வைக்கவில்லை. ஐஸ், எலுமிச்சை, நெத்திலிச் சாறு, உப்பு, நல்லமிளகு. பாட்டிலைத் திறந்து ஊற்றினார். அப்பாவின் வாசம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இதற்கு வாசமே இல்லை. மேலே தக்காளி. ஒரு கிளாஸிலிருந்து மறு கிளாஸுக்கு, நிதானமாக. வலது கை நடுங்கியது, ஆனால் விடவில்லை. கிளாஸைத் துடைத்து, கீழே ஒரு கைக்குட்டையை மடித்துப் போட்டு, என் முன்னால் வைத்தார்.

நிமிர்ந்து நின்று, வேறு யாருடைய குரலிலோ, "குட் மார்னிங், மேடம்," என்றார்.

தடங்கல் இல்லை, திக்கல் இல்லை. நான் அந்தக் குரலைக் கேட்டதே இல்லை. கப்பல் குரல்.

குடித்தேன். முதலில் குளிர். பிறகு உப்பு, பிறகு தக்காளியின் இனிப்பு, அதன் அடியில் நெத்திலி. நல்லமிளகு கடைசியில் தொண்டையில் நின்று எரிந்தது. அது அடங்கும்போது நெஞ்சுக்குள் மெதுவாக ஒரு சூடு பரவியது. அன்று அவர் தண்ணீரை ஊற்றிக் காட்டியது இதைத்தான். எல்லாவற்றையும் இதுதான் சேர்த்துப் பிடித்திருந்தது. ருசியில் இது எங்கேயும் தனியாகத் தெரியவில்லை.

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையாட்டினேன். அவரும் லேசாகத் தலையாட்டினார், தெரிந்ததுதானே என்பது போல.

எனக்கு என்ன தோன்றியதோ, மேல்தளத்தில் வந்து உட்கார்ந்த பயணி போல, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், நீங்கள் எந்த ஊர் என்று கேட்டேன்.

"டூட்டிகோரின், மேடம். சவுத் இந்தியா."

"ஃபேமிலி?"

"ஒன் சன். ஒன் ஒய்ஃப்." துணியை எடுத்து மேசையை வட்டமாகத் துடைத்தார். "டீச்சர். வெரி குட் டீச்சர்."

எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார். எத்தனை காலை நேரங்களில், எந்தெந்தக் கடல்களில், தலை கனத்துப்போய் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அடுத்ததைத் தமிழில்தான் கேட்க முடிந்தது.

"நீங்க இந்த வேலை பாக்கது அந்த டீச்சருக்குத் தெரியுமா?"

துடைத்த கை நின்றது. யாரோ ஒரு பயணியைப் பார்த்தாரா, என்னையா, எனக்குத் தெரியாது. கண்ணில் சிரிப்பு இருந்தது. வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு, என் பக்கமாகக் குனிந்து, உதட்டில் விரலை வைத்தார்.

சொல்ல மாட்டேன் என்றேன். கிளாஸை அவர் பக்கம் நகர்த்தி, இன்னொன்று கேட்டேன்.